நாளுக்கு ஒரு நாழிகை

நுழையும்முன்

உள்ளங்கையில் அடங்கும் கருவியொன்று நூலகமாகவும் கடைத்தெருவாகவும் திரையரங்காகவும் மாறிவிட்ட காலம் இது. அதன் பயனை மறுப்பார் எவரும் இலர். ஆயினும், அருகில் அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கும் பொழுது ஒதுக்க வேண்டிய நிலை தோன்றியுள்ளது. திரையில் கழியும் நேரத்தைக் குறைக்க மனவுறுதி மட்டும் போதுமா? அன்றாடச் சிறு வழக்கங்கள் துணைசெய்யுமா? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

பாவடி காட்டும் வழி

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று அம்மாபேட்டை. நெசவால் பெயர்பெற்ற பகுதி அது. தறியோசையோடு பொழுது புலர்ந்த தெருக்களைக் கொண்டது. சேலத்துப் பட்டுநெசவின் சிறப்புக்குச் சான்றாகச் ‘சேலம் வெண்பட்டு’ புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

சேலம் வட்டார நெசவாளர் குடியிருப்புகளில் ‘பாவடி’ என்றொரு சொல் வழங்குகிறது. துணியில் நெடுக்காக அமையும் நூல்களின் தொகுதி பாவு. குறுக்காக ஓடும் நூல் ஊடை. பருத்திப் பாவுக்குக் கஞ்சி ஏற்றினால்தான் அது தறியின் இழுப்பைத் தாங்கும். அதற்காகப் பாவினை நீளவாக்கில் விரித்துக் கட்டும் திறந்தவெளியே பாவடி. வெயில் ஏறினால் கஞ்சி விரைந்து காய்ந்து இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஆதலால், பாவு தோய்கின்ற வேலை விடியற்பொழுதிலேயே நடைபெறும். அது தனியொருவர் கையால் முடிவதன்று. ஒரு வீட்டுப் பாவுக்கு அண்டை வீட்டாரும் துணைநிற்க வேண்டும்.

குறித்த வேளை, குறித்த இடம், கூடிய கைகள் ஆகிய மூன்றும் பாவடியில் ஒன்றுசேர்ந்தன. அதனால், ‘இன்று செய்யலாமா, நாளை செய்யலாமா’ என்னும் தடுமாற்றத்திற்கு அங்கு இடமில்லை. ஒருவரின் சோம்பலைப் பலரின் வருகை வென்றது. திறன்பேசித் திரையில் கரையும் நேரத்தை மீட்கும் வழியும் இம்மூன்றில்தான் இருக்கிறது. தனிமனித உறுதிமொழிகள் பல தோற்பதற்குக் காரணம் உறுதியின் குறைவன்று. அவ்வுறுதிக்கு வேளையும் இடமும் துணையும் வாய்க்காமையே ஆகும்.

கவனத்திற்கு நேரும் போட்டி

திறன்பேசியை எடுத்தவர் நெடுநேரம் அதைக் கீழே வைப்பதில்லை என்பதைக் கண்டு, ‘இக்காலத்து இளையோருக்குக் கட்டுப்பாடு இல்லை’ என்று பழிப்போர் உளர். அப்பழி பாதி உண்மையையும் தொடவில்லை. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் எர்பர்ட் சைமன், செய்திகள் பெருகும் உலகில் கவனமே அரிய பொருளாகிவிடும் என்பதை 1971ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அரிய பொருளுக்குச் சந்தை உருவாவது இயல்பு. சமூக ஊடக நிறுவனங்கள் பலவும் விளம்பரத்தால் வருவாய் ஈட்டுகின்றன. பயனர் எவ்வளவு நேரம் திரையில் தங்குகிறாரோ அவ்வளவுக்கு விளம்பரங்கள் அவர் கண்ணில் படும். எனவே, அவரைத் தங்கவைப்பதே செயலி வடிவமைப்பின் நோக்கங்களுள் ஒன்றாகிவிடுகிறது.

புத்தகத்திற்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாளிதழுக்கு மடிக்கும் நேரம் உண்டு. வானொலி நாடகம் முடிந்தால் அறிவிப்பாளரின் குரல் ஒலிக்கும். அம்முடிவுகளே ‘எழுந்திரு’ என்று உணர்த்தும் குறிப்புகளாக இருந்தன. 2006ஆம் ஆண்டில் ஏசா ரஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ள முடிவின்றி நீளும் பக்க அமைப்பை உருவாக்கினார். பக்கம் மாற்றும் சிறு தொல்லையை நீக்குவதே அதன் பயன். ஆனால், அத்தொல்லையோடு நின்று சிந்திக்கும் இடைவெளியும் நீங்கிற்று. அதன் விளைவுகள் குறித்து அவரே பிற்காலத்தில் வருந்திப் பேசினார். அடுத்த காணொலி தானே ஓடத் தொடங்குவதும், நினைவூட்டும் ஒலி அடிக்கடி எழுவதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

ஒருபுறம் தேர்ந்த பொறியாளர்களின் உழைப்பு. மறுபுறம் களைத்து வீடு திரும்பிய பதினாறு வயது மாணவரின் மனவுறுதி. இது சமமானவர்கள் மோதும் போட்டியன்று. வலியவனோடு நாள்தோறும் மல்லுக்கு நிற்பதைக் காட்டிலும், அவன் நுழைய இயலாத ஓர் அறையை வீட்டில் அமைத்துக்கொள்வதே அறிவுடைமை. அன்றாட வழக்கம் என்பது அத்தகைய அறை.

இடத்தின் வலிமை

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு ஓர் ஆய்வினை வெளியிட்டனர். கவனம் தேவைப்படும் பயிற்சிகளைப் பங்கேற்பாளர்களுக்குக் கொடுத்தனர். சிலருடைய திறன்பேசி மேசைமீது இருந்தது. சிலருடையது பையில் இருந்தது. சிலருடையது வேறோர் அறையில் இருந்தது. எல்லாக் கருவிகளின் ஒலியும் அடக்கப்பட்டிருந்தது. ஆயினும், கருவியை வேறு அறையில் வைத்தவர்கள் மேசைமீது வைத்தவர்களைவிடச் சிறப்பாகச் செயலாற்றினர். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் சிலவற்றில் இவ்வேறுபாடு அதே அளவில் வெளிப்படவில்லை என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும்.

ஆய்வு முடிவுகள் எவ்வாறு அமையினும், நடைமுறை உண்மை ஒன்று உண்டு. கைக்கெட்டும் தொலைவில் உள்ள கருவியை எடுக்கச் சிந்தனை தேவையில்லை. கை தானே நீளும். அடுத்த அறையில் உள்ளதை எடுக்க எழ வேண்டும்; எழுவதற்கு முன் ‘எதற்காக எடுக்கிறோம்’ என்னும் வினா ஒரு கணம் தோன்றும். அந்த ஒரு கணமே மனிதரை மீண்டும் தம் செயலுக்குத் தலைவர் ஆக்குகிறது.

சங்கொலி கேட்ட சிற்றூர்

மகாராட்டிர மாநிலம் சாங்கலி மாவட்டத்தில் வட்காவ் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 3000. பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழி வகுப்புகளுக்காகப் பிள்ளைகளின் கைக்கு வந்த திறன்பேசி, பள்ளிகள் திறந்த பின்னும் அவர்கள் கையைவிட்டு நீங்கவில்லை. பெரியோர் நிலையும் வேறன்று. பலர் மாலைப்பொழுதைத் தொலைக்காட்சிக்கும் திறன்பேசிக்கும் பங்கிட்டிருந்தனர். 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில், விடுதலை நாளையொட்டி, ஊரார் ஒரு முடிவெடுத்தனர். நாள்தோறும் மாலை 7 மணிக்குக் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும். அவ்வொலி கேட்டதும் வீடுகளில் தொலைக்காட்சியும் திறன்பேசியும் அணைக்கப்படும். 8.30 மணிக்கு மீண்டும் சங்கு ஒலிக்கும் வரையில் படிப்பும் உரையாடலும் நடைபெறும்.

தொடக்கத்தில் இது நடவாது என்று கருதியோர் பலர். ஊராட்சிப் பணியாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடுவீடாகச் சென்று நோக்கத்தை விளக்கினர். ஊர் மெல்ல இணங்கியது. செய்தி நாடெங்கும் பரவியது.

வட்காவ் மக்கள் திறன்பேசியைத் துறக்கவில்லை என்பது இங்கு நோக்கத்தக்கது. இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரத்திற்கு மட்டுமே எல்லை வகுத்தனர். சங்கொலி வேளையைக் குறித்தது, வீடு இடமாயிற்று, ஊர் துணையாயிற்று. அடுத்த வீட்டுப் பிள்ளையும் அந்நேரத்தில் திரையைப் பார்ப்பதில்லை என்பதால், தான் மட்டும் எதையோ இழப்பதாக எந்தப் பிள்ளைக்கும் தோன்றவில்லை. பாவடியில் நிகழ்ந்த கூட்டுறவு, வட்காவில் வேறு வடிவம் கொண்டது.

பழக்கம் வேர்விடும் காலம்

‘நாளை முதல் தொடமாட்டேன்’ என்று சூளுரைப்பவர் மூன்றாம் நாளில் தளர்வது உலக இயல்பு. புதிய செயல் பழக்கமாக மாறக் காலம் தேவை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர் பிலிப்பா லாலியும் குழுவினரும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது. 96 பேர் தாம் விரும்பிய எளிய செயல் ஒன்றைத் தேர்ந்து, நாள்தோறும் ஒரே சூழலில் 12 வாரங்கள் செய்துவந்தனர். காலையுணவுக்குப் பின் தண்ணீர் அருந்துதல் போன்ற சிறு செயல்களே அவை. செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எட்ட, ஆளுக்கேற்ப 18 முதல் 254 நாள்கள் வரை ஆகும் எனக் கணக்கிடப்பட்டது. இடைநிலை அளவு 66 நாள்கள். இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதும் தடைபடவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவாகும்.

இதிலிருந்து மாணவர் கொள்ளத்தக்க கருத்துகள் மூன்று. செயல் சிறிதாக இருத்தல் வேண்டும். முன்பே நிலைபெற்ற ஒரு நிகழ்வோடு அது பிணைக்கப்படுதல் வேண்டும். ஒருநாள் தவறினால் முழுவதையும் கைவிடாமல் மறுநாள் தொடர்தல் வேண்டும். நெசவில் இழை அறுவதுண்டு. அதற்காக எவரும் பாவினை வீசி எறிவதில்லை. அறுந்த இடத்தில் முடிந்துகொண்டு நெய்வதே வழக்கம்.

மாலையின் பத்து நாழிகை

தமிழ் இலக்கணம் ஒரு நாளை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு சிறுபொழுதுக்குப் பத்து நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். மாலைப்பொழுது முல்லைத் திணைக்கு உரியது. இருத்தலும் இருத்தல் நிமித்தமும் அத்திணையின் உரிப்பொருள். வெளியே சென்றவர் திரும்புவதும் வீட்டில் உள்ளவர் எதிர்நோக்குவதும் மாலையின் இயல்பென்று முன்னோர் உணர்ந்திருந்தனர்.

இன்றும் மாலையில் எல்லாரும் வீடு திரும்புகின்றனர். உடல் திரும்புகிறது, கவனம் திரும்புவதில்லை. ஒரே கூடத்தில் நால்வர் நான்கு திரைகளில் ஆழ்ந்திருக்க, பேச வாய் திறந்த பாட்டி சொல்லை விழுங்கிக்கொள்கிறார். அன்று பள்ளியில் நேர்ந்த அவமானத்தைச் சொல்ல வந்த மகள், தந்தையின் கண் திரையிலிருந்து அகலாததைக் கண்டு அறைக்குத் திரும்புகிறாள். இழக்கப்படுவது நேரம் மட்டுமன்று; சொல்லப்படாமல் போகும் சொற்களும் கேட்கப்படாமல் போகும் துயரங்களும் இழப்பில் அடங்கும்.

மாலையின் பத்து நாழிகையில் ஒரு நாழிகையைத் திரையின்றிக் கழிப்பது இயலாத செயலன்று. அம்மாபேட்டை போன்ற ஊர்களில் அதற்குரிய அழைப்பொலிகள் முன்பே உள்ளன. விளக்கேற்றும் வேளை, கோயில் மணி, தொழுகை அழைப்பு, தேவாலய மணி, தறி நிற்கும் நேரம் என ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதேனும் ஒன்று வாய்க்கும். எதுவும் இல்லையெனில் சுவர்க் கடிகாரம் உண்டு. அவ்வொலி கேட்டதும் வீட்டிலுள்ள எல்லாத் திறன்பேசிகளும் ஒரு கூடையிலோ சுவர்மாடத்திலோ வைக்கப்பட வேண்டும்.

ஒதுக்கிய நாழிகை வெறுமையாக இருத்தல் கூடாது. வெற்றிடத்தைத் திரை விரைவில் நிரப்பிவிடும். கையும் காதும் ஈடுபடும் செயல் ஒன்று அதில் அமைதல் நன்று. சேர்ந்து உண்ணலாம், காய் நறுக்கலாம், நெசவாளர் வீட்டில் தாத்தாவுக்குத் துணையாகத் தார் சுற்றலாம், தெருவின் பழங்கதைகளைக் கேட்கலாம், ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம்.

விடியலுக்கும் இரவுக்கும் இதுபோன்ற சிறு வழக்கங்கள் பொருந்தும். முகம் கழுவி, வாசலில் கோலமிட்டு அல்லது செடிக்கு நீரூற்றிய பின்னரே திறன்பேசியைத் தொடுவது ஒன்று. விழித்தெழ மணியடிக்கும் கடிகாரத்தைப் பயன்படுத்தித் திறன்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது மற்றொன்று. இவற்றுக்குப் பெரும்பொருளும் வேண்டா, பெருந்துறவும் வேண்டா.

காணுதலும் பதிவுசெய்தலும்

ஆடித் திருவிழாவில் சேலத்தின் அம்மாபேட்டை, குகை முதலிய பகுதிகளில் ‘வண்டி வேடிக்கை’ நடைபெறும். தெய்வங்களாகவும் புராண மாந்தர்களாகவும் வேடமிட்டோர் அலங்கரித்த வண்டிகளில் உலா வருவர். வேடிக்கை என்னும் சொல் கண்டு களித்தலைக் குறிக்கும். இன்று அவ்வுலாவைப் பலர் உயர்த்திய திறன்பேசியின் வழியே காண்கின்றனர். ஒரு படம் எடுத்து நினைவாகப் போற்றுவது தவறன்று. ஆனால், முழு உலாவையும் பதிவுசெய்பவர் பிறகு காண்போம் என்று கருதி, கண்முன் நிகழ்வதைக் காணாது விடுகிறார். முதல் வண்டியைப் படம்பிடித்துவிட்டு, எஞ்சிய வண்டிகளைக் கண்ணால் காண்பது என்றொரு வழக்கத்தை நண்பர் குழு வகுத்துக்கொண்டால், திருவிழா மீண்டும் வேடிக்கையாகும்.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு மறுப்புகள் எழுவது இயல்பு. திறன்பேசி இன்றிக் கல்வி உண்டோ என்பது முதல் மறுப்பு. 2020ஆம் ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வித் தொலைக்காட்சியும் திறன்பேசியுமே தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு வகுப்பறைகளாயின. கருவி இல்லாத பிள்ளைகள் பின்தங்கினர். அக்கருவி பகையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஆனால், பாடம் கேட்பதற்கு எடுத்த கருவியில் பாடம் முடிந்த பின்னும் நெடுநேரம் தங்குவது கல்வியாகாது. நாளின் 60 நாழிகையில் ஒன்றை நீக்கினால் படிப்புக்குக் குறை நேராது.

தொழிலுக்குத் திறன்பேசி இன்றியமையாதது என்பது இரண்டாம் மறுப்பு. துணியின் வடிவத்தையும் விலையையும் வாட்ஸ்அப்பில் பேசி முடிக்கும் காலத்தில் நெசவாளர் அதை அணைக்க முடியுமா? அயலூரில் பணியாற்றும் மகனின் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய் அதனை விலக்க முடியுமா? இவ்வினாக்கள் நியாயமானவை. அழைப்பொலி கேட்கும்படி வைத்து, திரையை மட்டும் தவிர்க்கலாம். தொழில் ஓயும் வேளையை ஒவ்வொரு குடும்பமும் தானே தேர்ந்துகொள்ளலாம். தொலைவில் இருக்கும் மகனோடு பேசுவதும் உடனிருத்தலே. அது திரையில் கரைதல் ஆகாது.

மூன்றாவது, மிகவும் எண்ணத்தக்கது. ‘கட்டுப்பாடு’ என்னும் பெயரால் பிள்ளைகளின் கருவியைப் பறித்துவிட்டுப் பெரியோர் மட்டும் திரையில் ஆழ்வது அறமாகாது. மகனுக்கு ஒரு நீதியும் மகளுக்கு ஒரு நீதியும் வகுத்து, மகளின் திறன்பேசியை மட்டும் ஐயத்தோடு நோக்குவது அதனினும் தீது. கூடையில் முதலில் விழ வேண்டியது வீட்டுப் பெரியவரின் திறன்பேசியே. எல்லாரையும் சமமாகக் கட்டுவதே வழக்கம். சிலரை மட்டும் கட்டுவது அடக்குமுறை.

தெரியுமா?

தொழில்நுட்பக் கருவிகளின் மிகைப் பயன்பாட்டால் பாதிக்கப்படுவோருக்கு உதவ, பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014ஆம் ஆண்டு தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரைமுன் அமர்ந்திருத்தல் கூடாது என உலக நலவாழ்வு அமைப்பு 2019ஆம் ஆண்டு அறிவுறுத்தியது.

சிறிதின் பெருமை

ஒரு நாழிகை மிகச் சிறிது எனத் தோன்றலாம். கணக்கிட்டால் அதன் அளவு விளங்கும். நாளுக்கு 24 நிமிடம் என்பது ஓராண்டில் 146 மணி நேரம். மேல்நிலைக் கல்வியின் ஈராண்டுகளில் 292 மணி நேரம். அவ்வளவு நேரம் தாத்தாவின் தொழிலறிவைக் கேட்ட மாணவர், தம் ஊரின் வரலாற்றில் ஒரு பகுதியை அறிந்தவராவார். அவ்வளவு நேரம் தாயோடு உரையாடியவருக்குத் துயர் வரும் நாளில் யாரிடம் சொல்வது என்னும் தயக்கம் இராது.

பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலர் இன்னும் சில ஆண்டுகளில் கல்விக்காகவும் பணிக்காகவும் பிறந்த வீட்டைவிட்டுச் செல்வர். பின்னர் அவர்கள் வீட்டாரைத் திரையில்தான் காண நேரிடும். ஒரே கூரையின்கீழ் எல்லாரும் கூடியிருக்கும் மாலைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அம்மாலைகளில் ஒரு நாழிகையேனும் முகம் பார்த்துக் கழிக்கப்படுதல் வேண்டும். அந்நாழிகை முடிந்ததும் கூடையிலிருந்து திறன்பேசியை எடுத்துக்கொள்ளலாம். அதில் வந்த செய்திகள் அப்படியே காத்திருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் ஒரு நாழிகையைத் திரையின்றிக் கழிக்க ஏற்ற வேளை, இடம், செயல் ஆகியவற்றை வீட்டாரோடு கலந்து முடிவுசெய்க. ஒரு வாரம் கடைப்பிடித்து, பட்டறிவை நாட்குறிப்பாக எழுதுக.

2. உங்கள் ஊரில் பலர் கூடிச் செய்த தொழில் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, அத்தொழிலுக்குரிய வட்டாரச் சொற்களைத் தொகுக்க.

3. ‘திரை நேரத்தைக் குறைக்க ஊர்க்கட்டுப்பாடு தேவையா, தனிமனித விருப்பம் போதுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.